மன்னரை விழாவுக்கு அழைக்கிறீர்களா? ‘துவாங்கு’ என்ற விளியைச் சரியாகப் பயன்படுத்த ஒரு வழிகாட்டி

மலேசியாவில் இருக்கும் எங்கள் தமிழ்ப்பள்ளியின் புதிய மண்டபத் திறப்பு விழாவுக்கு மாநில மன்னரை அழைப்பது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்தது. செயலாளர் என்பதால் எழுத்து வேலை முழுவதும் என்னிடம் வந்தது. மலாய் எனக்கு நன்றாகவே வரும். இருபது வருடமாக அலுவலகத்தில் மலாயில்தான் கடிதம் எழுதுகிறேன். அந்தத் தைரியத்தில் ஒரே இரவில் கடிதத்தை எழுதி முடித்தேன்.

மறுநாள் அதைப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட அலுவலக அதிகாரி ஒருவரிடம் காட்டினேன். பாக் சிக் (மாமா) என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு பக்கக் கடிதத்தில் பதினான்கு இடத்தில் வட்டம் போட்டார். ‘மனசில் மரியாதை இருக்கிறது, மொழியில் இல்லை’ என்றார். அன்றைக்குத்தான் அரண்மனை மலாய் என்பது தனி மொழி என்று எனக்கு உறைத்தது. கடிதம் தப்பியது. ஆனால் அச்சகத்துக்கு ஏற்கெனவே போயிருந்த 400 அழைப்பிதழ்கள் தப்பவில்லை. அதில் ‘துவாங்கு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘துங்கு’ என்று இருந்தது. ஒன்று 1.80 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 720 வெள்ளி. பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்த பணம் அது.

நாட்டில் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள், ஆலயங்கள், இளைஞர் மன்றங்கள் இப்படி ஒரு விழா எடுக்க நினைக்கின்றன. அவர்களுக்கு அந்தப் பணமும் அந்தப் பதற்றமும் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. வரப்போகிறவர் மன்னரா, ஆளுநரா என்று முதலில் பாருங்கள்

மலேசியாவில் 13 மாநிலங்கள். அதில் 9 மாநிலங்களுக்குத்தான் பரம்பரை மன்னர் உண்டு: ஜொகூர், கெடா, கிளந்தான், நெகிரி செம்பிலான், பகாங், பேராக், பெர்லிஸ், சிலாங்கூர், திரங்கானு. இவற்றில் ஏழு மாநிலங்களில் அவர் சுல்தான். பெர்லிஸில் ராஜா. நெகிரி செம்பிலானில் யாங் டி பெர்துவான் பெசார். பெயர் எதுவானாலும் நேரில் விளிப்பது ‘துவாங்கு’ என்றுதான்.

பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்கிலும் இருப்பவர் யாங் டி பெர்துவா நெகிரி. தமிழில் ஆளுநர் என்கிறோம். அவர் அரச பரம்பரையால் அந்தப் பதவிக்கு வந்தவரல்ல, நியமிக்கப்பட்டவர். அவரை ‘துவான் யாங் தெருத்தாமா’ என்று அழைக்க வேண்டும். துவாங்கு என்று அழைப்பது தவறு. மன்னர் முன் ‘நான்’ என்பதற்குச் சொல்லும் ‘பாத்திக்’ இவர் முன்னால் வேண்டாம், வழக்கமான ‘சாயா’ போதும்.

எழுத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். ஆளுநருக்கு ‘பெர்துவா’. நெகிரி செம்பிலான் மன்னருக்கும், நாடு முழுவதற்கும் மன்னரான மாமன்னருக்கும் (யாங் டி பெர்துவான் அகோங்) ‘பெர்துவான்’. வித்தியாசம் கடைசியில் வரும் ஓர் ‘ன்’ மட்டும்தான். பினாங்கில் ஒரு பழைய நண்பரின் மன்றத்துப் பதாகையில் இந்த ‘ன்’ கூடுதலாகத் தொங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். விழாவன்று காலையில்தான் கண்டுபிடித்து அவிழ்த்தார்கள்.

2. துவாங்கு, துங்கு, தெங்கு: மூன்றும் வேறு வேறு

‘துவான்’ என்றால் தலைவர், ஐயா. ‘கு’ என்றால் என்னுடைய. ஆக, துவாங்கு என்பதற்கு ‘என் தலைவரே’, ‘எம் ஐயனே’ என்று பொருள் கொள்ளலாம். அரியணையில் இருப்பவரை நேருக்கு நேர் பார்த்துச் சொல்லும் சொல் இது.

சில மன்னர்களின் பெயருக்கு முன்னாலும் இதே சொல் அடைமொழியாக வரும். நெகிரி செம்பிலானின் துவாங்கு முஹ்ரிஸ், பெர்லிஸின் துவாங்கு சைட் சிராஜுடின் ஆகியோரின் பெயர்கள் அப்படி. சிலாங்கூர் மன்னரின் பெயருக்கு முன் சுல்தான் என்றுதான் வரும்: சுல்தான் ஷராஃபுடின் இட்ரிஸ் ஷா. பெயரில் இல்லை என்பதற்காக விளிக்கும்போது விட்டுவிடக் கூடாது. அவரையும் துவாங்கு என்றே விளிக்க வேண்டும்.

துங்குவும் தெங்குவும் அரச குடும்பத்தில் பிறந்தவர்களின் பட்டங்கள். எது என்பது மாநிலத்தைப் பொறுத்தது. ஜொகூர், கெடா, நெகிரி செம்பிலான் பக்கம் துங்கு. சிலாங்கூர், பகாங், கிளந்தான், திரங்கானு பக்கம் தெங்கு. பேராக்கில் ராஜா என்று வரும். ஒருவர் பெயரில் இருக்கும் எழுத்தை ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று நாம் மாற்றக் கூடாது.

மனதில் நிறுத்திக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். நம் பணத்தாளை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் துவாங்கு அப்துல் ரஹ்மான், நெகிரி செம்பிலானைச் சேர்ந்த முதல் மாமன்னர். கோலாலம்பூரில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் அந்த நீண்ட சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. முதல் பிரதமரோ துங்கு அப்துல் ரஹ்மான், கெடா இளவரசர். பல்கலைக்கழகத்தின் பெயர் இவருடையது. சாலை துவாங்கு, பல்கலைக்கழகம் துங்கு. இதை நினைவில் வைத்திருந்தால் என்னைப்போல 720 வெள்ளி போகாது.

3. பெயருக்கு முன் வரும் அடைமொழியை அரண்மனையிடமே எழுதி வாங்குங்கள்

மாநில மன்னர்களுக்குப் பொதுவான அடைமொழி ‘டூலி யாங் மஹா மூலியா’. சிலாங்கூர் மாநில கீதத்தின் பெயரே இதுதான். அதற்கு முன்னால் ‘கெபாவா’ சேர்ந்தும் வரும். மாமன்னருக்கு இன்னும் நீளம்: ‘கெபாவா டூலி யாங் மஹா மூலியா ஸ்ரீ பாடுகா பகிண்டா யாங் டி பெர்துவான் அகோங்’.

மனப்பாடம் செய்யக் கஷ்டமாகத் தெரிகிறதா? பொருளைப் பிடித்துக்கொண்டால் தமிழருக்கு இது எளிது. டூலி என்பது நம் தூளிதான், பாதத் தூளி. பாடுகா என்பது பாதுகை. ஸ்ரீயும் மஹாவும் அப்படியே இருக்கின்றன. கெபாவா என்றால் கீழே. ‘தங்கள் பாதத் தூளிக்குக் கீழிருந்து’ என்று பேச்சைத் தொடங்குகிறோம். நேராக முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாமல் பாதத்தை நோக்கிப் பேசும் மரபு. தேவாரமும் பிரபந்தமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பணிவு புதிதல்ல. இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் எங்கள் மாணவர்கள் ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார்கள்.

மன்னரின் துணைவியார் விஷயத்தில் யூகமே வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் பதவிப் பெயர் மாறும். கெடாவிலும் திரங்கானுவிலும் சுல்தானா. பேராக்கில் ராஜா பெர்மாய்சூரி. சிலாங்கூரில் தெங்கு பெர்மாய்சூரி. பகாங்கில் தெங்கு அம்புவான். நெகிரி செம்பிலானில் துங்கு அம்புவான் பெசார். பெர்லிஸில் ராஜா பெரெம்புவான். பெர்மாய்சூரி என்பது நம் பரமேஸ்வரிதான்.

பட்டத்து இளவரசருக்குப் பல மாநிலங்களில் ‘டூலி யாங் தெராமாட் மூலியா’ என்று வரும். ஜொகூரில் ‘டூலி யாங் அமாட் மூலியா’. அவரை நேரில் எப்படி விளிப்பது என்பதையும் அந்தந்த அரண்மனையிடம் கேட்பதே முறை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அரண்மனை அலுவலகத்துக்கு எழுதி, வரவிருப்பவரின் முழுப் பெயரையும் பெயருக்குப் பின் வரும் விருது எழுத்துகளையும் அடைமொழியையும் தட்டச்சு செய்த வடிவில் கேளுங்கள். எங்களுக்கு மின்னஞ்சலில் வந்தது. அதை அப்படியே வெட்டி ஒட்டினோம், கையால் தட்டவே இல்லை. மன்னர் பெயரில் தந்தை பெயருக்கு முன் ‘இப்னி’ என்று வரும், நாம் வழக்கமாகப் பார்க்கும் ‘பின்’ வராது. மறைந்த மன்னருக்கு ‘அல்மர்ஹும்’. கையால் தட்டும்போது இவை இரண்டும்தான் முதலில் காணாமல் போகும்.

இன்னொரு கண்ணி, பழைய கோப்பு. மாமன்னர் பதவி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாறுகிறது. 2024 ஜனவரி 31 முதல் ஜொகூரின் சுல்தான் இப்ராஹிம் 17-ஆவது மாமன்னராக இருக்கிறார். அவருக்கு முன் 16-ஆவது மாமன்னராக இருந்த அல்-சுல்தான் அப்துல்லா மீண்டும் பகாங் சுல்தானாக மாநிலத்துக்குத் திரும்பிவிட்டார். ஒரு சுல்தான் மாமன்னராக இருக்கும் காலத்தில் மாநிலத்தில் ஓர் இடைக்கால ஆட்சியாளர் இருப்பார், அவருக்கு அடைமொழி வேறு. ‘போன தடவை அனுப்பிய கடிதம் கணினியில் இருக்கிறது, தேதியை மட்டும் மாற்றுவோம்’ என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள்.

4. கடிதம்: யாருக்கு, எப்போது, எதை இணைத்து

கடிதத்தை மன்னரின் பெயருக்கு நேரடியாக அனுப்பாதீர்கள். மன்னரின் தனிச் செயலாளருக்கோ அரண்மனை அலுவலகத்துக்கோ எழுதி, ‘இந்த வேண்டுகோளை மன்னரின் கவனத்துக்குச் சமர்ப்பிக்கவும்’ என்று கேட்க வேண்டும். அந்த அதிகாரியிடம் பேசும்போது வழக்கமான மலாய் போதும். மன்னரைப் பற்றிய வரிகளில் மட்டும் அரண்மனைச் சொற்கள் வரவேண்டும்.

பாக் சிக் வட்டம் போட்ட இடங்களில் முக்கியமானவை இவை.

நான் ‘ஜெம்புத்தான்’ என்று எழுதியிருந்தேன், அழைப்பு என்ற பொருளில். மன்னரை அப்படி அழைப்பதில்லை. ‘மெமோஹோன் பெர்கெனான்’, அதாவது இசைவு வேண்டுகிறோம் என்று எழுத வேண்டும். ‘ஹாடிர்’ என்று எழுதியிருந்தேன். மன்னர் வருவது ‘பெராங்காட்’. அவர் நம் இடத்துக்கு வந்து சிறப்பிப்பதற்கு ‘மென்செமார் டூலி’ என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. நம்மிடம் வருவதற்காகப் பாதத்தில் தூசு படச் சம்மதிக்கிறார் என்று பொருள். உரை ‘உச்சாபான்’ அல்ல, ‘தித்தா’. உணவு ‘மாக்கான்’ அல்ல, ‘சந்தாப்’. நாம் கொடுக்கும் நினைவுப் பரிசை ‘ஹடியா’ என்று போடாமல் ‘பெர்செம்பாஹான்’ என்று போட வேண்டும். அவர் கொடுத்தால் ‘குர்னியா’. அந்தச் சொல் நம் காருண்யம்.

அப்புறம், நான் மிக அதிகமாகத் தவறியது ‘அவர்’ என்ற சொல்லில். மலாயில் மரியாதையாக ‘பெலியாவ்’ என்று போட்டிருந்தேன். அமைச்சருக்கு அது சரி. மன்னருக்கு ‘பகிண்டா’. கடிதத்தில் ஐந்து இடத்தில் வந்திருந்தது, ஐந்திலும் வட்டம்.

இணைக்க வேண்டிய ஆவணங்கள் என்று நாங்கள் கொடுத்தவை: சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் நகல், செயலவை உறுப்பினர் பட்டியல், விழாவின் நோக்கம் பற்றி ஒரு பக்கம், நிமிடவாரியான நிகழ்ச்சி நிரல், மண்டபத்தின் வரைபடம், வாகனம் நிற்கும் இடத்தைக் காட்டும் படம், மற்ற பிரமுகர்களின் பெயர்ப்பட்டியல். பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாகக் கல்வி இலாகாவுக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் கையில் இருக்கட்டும். வந்து பார்க்கும் அதிகாரிகள் ஆளுக்கொரு நகல் கேட்டார்கள்.

நேரம்தான் பெரிய விஷயம். நாங்கள் ஏழு மாதத்துக்கு முன் கொடுத்தோம். பதில் வர பத்து வாரம் ஆனது. ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டு கேட்காமல் மூன்று தேதி கொடுங்கள். நோன்பு மாதத்தைத் தவிருங்கள். அது ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும் என்பதால் அடுத்த வருட நாட்காட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாமன்னரின் அதிகாரபூர்வப் பிறந்தநாள் ஜூன் முதல் திங்கள். உங்கள் மாநில மன்னரின் பிறந்தநாள் வாரத்தையும் விட்டுவிடுங்கள். சிலாங்கூரில் டிசம்பர் 11, பேராக்கில் நவம்பர் முதல் வெள்ளி. அந்த நாட்களில் பட்டமளிப்பு இருக்கும், அரண்மனைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

இசைவு எழுத்தில் கைக்கு வரும்வரை யாரிடமும் ‘சுல்தான் வருகிறார்’ என்று சொல்லாதீர்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் ஆர்வத்தில் போட்டுவிட்டால் மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். மன்னர் இசைவு தருவதற்கு முன்பே அவர் பெயரைப் பயன்படுத்தியதாகிவிடும். அது பெரிய மரியாதைக் குறைவு.

5. அழைப்பிதழும் பதாகையும்

பொது விருந்தினருக்கான அழைப்பிதழை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாதிரியை அரண்மனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். எங்களுக்கு ஆறு நாளில் திருத்தம் வந்தது. அந்த ஆறு நாளைப் பொறுக்காமல்தான் முதல் தடவை அச்சடித்தேன்.

பதாகையில் மன்னரின் படம் போடுவதாக இருந்தால் அந்தப் படத்தையும் அவர்களிடமே கேளுங்கள். இணையத்தில் கிடைப்பது பழைய சீருடையில் இருக்கும், அல்லது தெளிவில்லாமல் இருக்கும். படத்துக்கு மேல் வேறு யார் முகமும், நிதியுதவி செய்த கடையின் சின்னமும் வரக் கூடாது என்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம். நல்ல விதிதான் அது.

செலவில் நாங்கள் எதிர்பாராதது மஞ்சள் துணி, மன்னர் அமரும் இருக்கைக்கான வாடகை, விரிப்பு, மேடைப் படி அகலப்படுத்தும் தச்சு வேலை. எல்லாம் சேர்ந்து 3,000 வெள்ளியைத் தாண்டியது. வரவுசெலவில் ‘அரச வரவேற்பு’ என்று தனி வரி போட்டு நிதி ஒதுக்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் பொருளாளரிடம் போய் நிற்க வேண்டியிருக்காது.

6. மஞ்சள் புடவை

இதைத் தனித் தலைப்பாகவே போடுகிறேன், நம் வீடுகளில்தான் இது நடக்கும். மஞ்சள் அரச நிறம். மன்னர் வரும் விழாவில் விருந்தினர் மஞ்சள் உடுத்தக் கூடாது. நமக்கோ மஞ்சள் மங்கலம். எங்கள் வரவேற்புக் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி மாம்பழ மஞ்சள் பட்டு எடுத்து, ரவிக்கைகூடத் தைத்து வைத்திருந்தார்கள். நான்கு நாளுக்கு முன் ஒத்திகைக்கு வந்த அதிகாரி பார்த்து, என்னை ஓரமாக அழைத்து மென்மையாகச் சொன்னார். அன்று இரவு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, ஆளாளுக்கு வீட்டில் இருந்த பச்சைப் புடவையைத் தேடி எடுத்தோம். ஒரே பச்சையாக இல்லை, கிளிப்பச்சை முதல் கரும்பச்சை வரை இருந்தது. ஆனால் பார்க்க நன்றாகவே இருந்தது.

தோரணம், பூ, மேசைவிரிப்பு எல்லாவற்றிலும் இதே கவனம் வேண்டும். மன்னரின் இடத்தைத் தவிர வேறெங்கும் மஞ்சள் தூக்கலாகத் தெரியக் கூடாது. சந்தனம், குங்குமம், மாலை, ஆரத்தி எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே அரண்மனையிடம் கேட்டுவிடுங்கள். மன்னர் இஸ்லாமிய சமயத்தின் தலைவரும்கூட. வாசலில் நின்று திடீரென்று மாலையை நீட்டி அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

7. நேரில் பேசும்போது

இங்கேதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை, நான்கைந்து சொல் போதும்.

பேச்சைத் தொடங்கும்போது ‘அம்புன் துவாங்கு’. மன்னிப்பு வேண்டுகிறேன், எம் தலைவரே என்று பொருள். வாய் திறப்பதற்கே அனுமதி கேட்பது போல. மேடை உரை என்றால் அது ‘அம்புன் துவாங்கு, பெரிபு-ரிபு அம்புன், செம்பா பாத்திக் மோஹோன் டியம்புன்’ என்று நீளும். ‘ஆயிரமாயிரம் மன்னிப்பு வேண்டி, என் வணக்கத்தை ஏற்றருள்க’ என்ற கருத்து. இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் கூப்பி, விரல் நுனி நெற்றியைத் தொடும்படி உயர்த்த வேண்டும். நம் வணக்கத்தையே கொஞ்சம் மேலே தூக்கினால் அதுதான். சொல்லி முடித்த பிறகு கையை இறக்குங்கள், பாதியில் இறக்காதீர்கள். உரை முடிவிலும் ஒரு முறை ‘அம்புன் துவாங்கு’.

உங்களைக் குறிக்க ‘பாத்திக்’. ‘சாயா’, ‘அக்கு’ இரண்டும் கூடாது. மன்னர் தன்னைக் குறிக்க ‘பெத்தா’ என்று சொல்வார். அது அவருக்கு மட்டுமே உரிய சொல். உரையாடலில் அவர் பேசியதைத் திருப்பிச் சொல்லும்போது தவறி அந்தச் சொல்லை நாம் எடுத்துவிடக் கூடாது.

நன்றி சொல்ல ‘மென்ஜுன்ஜோங் காசே, துவாங்கு’. ‘தெரிமா காசே’ பழக்கத்தில் வாய்க்கு வந்துவிடும், அதனால் இதைப் பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். ஜுன்ஜோங் என்றால் தலைமேல் சுமப்பது. உங்கள் அன்பைத் தலைமேல் ஏற்கிறேன் என்று சொல்கிறோம். சிரமேற்கொள்வது என்று தமிழில் சொல்வோமே, அதே எண்ணம்தான்.

எங்கள் அறிவிப்பாளர் ஓர் இளம் ஆசிரியை, குரல் மணி போல இருக்கும். ஒத்திகையில் முதல் இரண்டு வரி அருமையாக வந்தது. மூன்றாவது பத்தியில் ‘சாயா மெம்பெர்சிலாக்கான்’ என்று வழக்கமான விழாப் பேச்சுக்குப் போய்விட்டார். முதல் வரியை எல்லோரும் பழகுவார்கள், நடுப்பகுதியைப் பழக மாட்டார்கள், அதனால்தான் இப்படி. பாக் சிக் ஒரு வழி சொன்னார். உரையில் ‘பாத்திக்’ வரும் ஒவ்வோர் இடத்தையும் மஞ்சள் மையால் கோடிட்டு, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு ஒரு தவறும் வரவில்லை. நிகழ்ச்சியைத் தொடங்கும்போதும், அடுத்த அங்கத்துக்குப் போகும்போதும் மன்னரின் ‘பெர்கெனான்’ கேட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வைத்திருந்தோம்.

கை குலுக்க நாம் முதலில் கையை நீட்டக் கூடாது. அவர் நீட்டினால் குனிந்து பற்றிக்கொள்ளலாம். அவர் அமர்ந்த பிறகே அமர வேண்டும், அவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். தற்படம் எடுக்கலாமா என்று மன்னரிடமே கேட்பதைவிட உடன் வரும் அதிகாரியிடம் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் பேச நேர்ந்தால் மாமன்னரை ‘யுவர் மெஜஸ்டி’ என்பார்கள். மாநில மன்னர்களுக்குப் பொதுவாக ‘யுவர் ராயல் ஹைனஸ்’, ஆனால் இதையும் அரண்மனை அனுப்பும் தாளில் சரிபாருங்கள். ‘துவாங்கு’ என்றே ஆங்கில வாக்கியத்திலும் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன், அது இன்னும் நெருக்கமாக இருந்தது.

8. தமிழில் எழுதும்போது

நம் நாளிதழ்களில் யாங் டி பெர்துவான் அகோங்கை ‘மாட்சிமை தங்கிய மாமன்னர்’ என்றும், அவர் துணைவியாரைப் ‘பேரரசியார்’ என்றும், மாநில மன்னர்களை ‘மேன்மை தங்கிய சுல்தான்’ என்றும் எழுதுகிறார்கள். விழா மலரில் இதையே பின்பற்றுங்கள். மாமன்னர் என்ற சொல்லை மாநில சுல்தானுக்குப் போடாதீர்கள். எங்கள் மலரில் ஒரு கவிதையில் அப்படி வந்திருந்தது. எதுகைக்காகப் போட்டேன் என்று எழுதியவர் வருத்தப்பட்டார். ஆனாலும் மாற்றினோம்.

‘துவாங்கு’ என்பதைத் தமிழில் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ‘மன்னர் பெருமானே’ என்று ஆக்கினால் நாடகம் போலாகிவிடும். தமிழ் வரவேற்புரையிலும் துவாங்கு என்றே விளிக்கலாம். பெராங்காட் என்பதற்கு ‘எழுந்தருளினார்’ நேரான தமிழ்ச்சொல்தான், ஆனால் இன்று நாம் அதை சுவாமி புறப்பாட்டுக்கு மட்டுமே வைத்திருக்கிறோம். அதனால் ‘வருகை புரிந்தார்’ என்றே நான் போட்டேன். ‘வந்தார், போனார், சாப்பிட்டார்’ என்பவை வேண்டாம்.

9. டத்தோக்களை மறந்துவிடாதீர்கள்

மன்னர் வந்தால் பட்டம் பெற்றவர்களும் நிறைய வருவார்கள். மாநில மன்னர் கொடுத்த பட்டம் மலாயில் பொதுவாக டத்தோ என்று கடைசியில் ஓர் ஒற்றை மேற்கோள் குறியோடும் (Dato'), கூட்டரசும் ஆளுநர் மாநிலங்களும் கொடுத்தவை ‘டத்தோக்’ என்று ‘க்’கோடும் எழுதப்படும். தமிழில் எல்லாமே டத்தோதான் என்பதால் தமிழ் அழைப்பிதழைப் பார்த்து மலாய் அட்டையைத் தயாரிக்கக் கூடாது. டத்தோவின் மனைவி டத்தின், டான் ஸ்ரீயின் மனைவி புவான் ஸ்ரீ, துன் அவர்களின் மனைவி தோ புவான். பெண் ஒருவர் தாமே பட்டம் பெற்றிருந்தால் அவருடைய கணவருக்கு அதனால் பட்டம் வராது.

ஒருவர் தன்னை டத்தோ என்று சொல்லிக்கொள்கிறார், ஆனால் யார் கொடுத்தது என்று தெளிவாகச் சொல்லவில்லை என்றால் அட்டையில் போடாதீர்கள். போலிப் பட்டங்களுக்கு எதிராக விருதுகள் தொடர்பான குற்றங்கள் சட்டம் 2017 இருக்கிறது. மன்னர் அமரும் மேடையில் அப்படிப்பட்ட பெயரை வாசிக்கும் நிலைக்கு உங்கள் அறிவிப்பாளரைத் தள்ளாதீர்கள். எந்த ஆண்டு, யாரிடமிருந்து, என்ன பட்டம் என்று பதில் அட்டையிலேயே மூன்று கட்டம் வைத்துவிட்டால் யாரையும் நேரில் கேட்டுப் புண்படுத்த வேண்டியதில்லை.

10. விழா முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் போக வேண்டும், மறுபடியும் தனிச் செயலாளர் வழியாக. ‘மென்ஜுன்ஜோங் காசே’ அதிலும் வரவேண்டும். படங்களின் தொகுப்பு ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள். முகநூலில் படம் போடும் முன் தலைப்பு வரியை ஒரு முறை உரக்கப் படியுங்கள். விழாவுக்கு ஆறு மாதம் பாடுபட்டுவிட்டு, படத்துக்குக் கீழே அவசரத்தில் ‘துங்கு’ என்று போட்டுவிடாதீர்கள்.

கல்வெட்டு வைப்பதாக இருந்தால் அதற்கும் அதே ஒப்புதல் வேண்டும். பெயர், அடைமொழி, தேதி மூன்றையும் அரண்மனை அனுப்பிய தாளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகே கல்தச்சரிடம் கொடுங்கள். எங்கள் மண்டப வாசலில் இருக்கும் கல்லை அப்படித்தான் செய்தோம். ஒருவர் வாசித்தார், பாக் சிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். ‘துவாங்கு’வில் இருக்கும் ‘வா’வை இரண்டு முறை தொட்டார்.